பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்

நம் புகைப்படக் குழுவில் நான் போட்ட, மிகையாக எடிட் செய்த அந்தப் பெண்ணின் முகப் படத்தைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு குழுவின் நிர்வாகி ஒருவரே வந்து, "இது புகைப்படமே இல்லை, டிஜிட்டல் ஓவியப் பிரிவுக்கு மாற்றுகிறோம்" என்று அறிவித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. படத்தையும் அதன் கீழே நடந்ததையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். மெழுகு பொம்மை என்றார்கள், பிளாஸ்டிக் முகம் என்றார்கள். மற்றவற்றைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். தோல் அளவுக்கு மீறி மழமழப்பாக இருக்கிறது, நிழல் ஒட்டவில்லை, அந்த நீலம் கண்ணை உறுத்துகிறது என்று சொல்லுங்கள். அத்தனையும் விமர்சனம்தான், கேட்டுக்கொள்கிறேன். "இது புகைப்படமே இல்லை" என்பது விமர்சனம் அல்ல. அது என்னை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வேலை.

அதில் என்ன செய்திருக்கிறேன் என்று ஒருவராவது கேட்டாரா? ஏதோ ஒரு செயலியில் பொத்தானை அழுத்திவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். தோலின் நிறத்தையும் நிழலையும் ஒரு லேயரில், அதாவது ஓர் அடுக்கில், தோல் துளைகளையும் மெல்லிய கோடுகளையும் இன்னொரு லேயரில் எனப் பிரித்து, நிற லேயரில் மட்டும் திட்டுத் திட்டாக இருந்த சிவப்பைச் சமன்செய்தேன். பிறகு டாட்ஜ், பர்ன், அதாவது சில இடங்களை வெளிச்சமாக்கி, சில இடங்களைக் கருமையாக்குவது. பிரஷின் ஃப்ளோ, அதாவது ஒரு இழுப்பில் அது பதிக்கும் அளவு, 2, 3 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. அந்த அளவில் ஒரு தடவை இழுத்தால் மாற்றமே தெரியாது. ஒரே இடத்தில் பல தடவை போனால்தான் கன்னத்து எலும்பின் விளிம்பில் வெளிச்சம் மெல்ல ஏறும். படத்தைப் பெரிதாக்கி மோவாயைப் பாருங்கள், துளைகள் அப்படியே இருக்கின்றன. மெழுகில் துளை இருக்காது.

ஆமாம், மிகையாகத்தான் செய்திருக்கிறேன், மறுக்கவில்லை. பின்னணி முழுவதையும் கருநீலமாக்கினேன். முகத்தின் இடப்பாதியை நிழலுக்குள் தள்ளினேன். கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளியை இன்னும் கூர்மையாக்கினேன். தெரிந்தேதான் செய்தேன். அந்த முகத்தை நான் அப்படித்தான் பார்த்தேன்.

"கேமராவில் வந்தது வந்தபடி இருக்க வேண்டும்" என்கிறார்கள். எது வந்தபடி? நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கேமராவில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதிகிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. நீங்கள் கை வைக்காத ஜேபெக் கோப்பிலும் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ், நாய்ஸ் குறைப்பு எல்லாவற்றையும் கேமரா நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் உங்களுக்காக முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறார். அவருடைய ரசனை இயற்கை, என்னுடைய ரசனை பொய் என்றால் அது என்ன நியாயம்? 85 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.4 வரை அகலத் திறந்து வைத்து, மூக்கு நுனி மங்கி, காது மங்கி, பின்னணி மொத்தமும் கரைந்துபோன படத்தை எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. அதற்கு "அருமை" என்று நூறு பேர் எழுதுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, "உலகம் வண்ணமாக இருக்க நீ ஏன் பொய் சொல்கிறாய்" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முகத்துக்கு மிக அருகில் போய் அகலக்கோண லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது சிறிதாகும். எடிட்டிங்கே இல்லாமல் ஒரு முகத்தைச் சிதைக்க அது போதும்.

இந்தச் சண்டை நேற்று வந்ததும் அல்ல. ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் 1855-லேயே பாரிஸ் உலகக் கண்காட்சியில் திருத்திய நெகட்டிவை வைத்துக் கூட்டம் சேர்த்தார். 1880-களில் பீட்டர் ஹென்றி எமர்சன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தைத் திருத்தும் வேலை, செய்பவர்களைக் காய்ச்சி எடுத்தார். புகைப்படத்தை மோசமான ஓவியமாக மாற்றும் வேலை என்பது அவருடைய கட்சி. நேற்றைய பின்னூட்டங்களில் இருந்ததும் அதே வாதம்தான், அவரிடம் இருந்த படிப்பு மட்டும் இல்லை. ஃபோட்டோஷாப் வெளிவந்தது 1990-ல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரெல் என்ற புகைப்படக்காரர் எடுத்த ஜோன் கிராஃபோர்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். முகமெல்லாம் புள்ளிகள் நிறைந்த நடிகை அவர். பெரிய நெகட்டிவின் மேல் பென்சிலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக மறைத்திருக்கிறார்கள். அவை இன்று போர்ட்ரெய்ட் கலையின் உச்சம் என்று இதே குழுவில் பகிரப்படுகின்றன.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவரைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் ரீடச்சிங்கை ஏற்காதவர். 1860-களில் அவர் எடுத்த முகங்களில் ஃபோகஸ் சரியில்லை, கறை இருக்கிறது, கீறல் இருக்கிறது என்று அன்றைய புகைப்பட இதழ்கள் ஏளனம் செய்தன. அவர் செய்ததும் நான் செய்வதும் நேர் எதிர். வாங்கிய அடி மட்டும் ஒன்று: உனக்குப் புகைப்படம் தெரியாது.

சரி, உண்மையில் எனக்கு எங்கே வலித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

படத்தில் இருப்பவர் மாடல் அல்ல. எனக்குப் பல காலமாகத் தெரிந்த ஓர் அக்கா. தன்னைப் படம் எடுக்க யாரையும் விடாதவர். கேமராவைக் கண்டாலே முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். இந்த முறை அவராகவே வந்து கேட்டார். எடுத்து முடித்ததும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்துக்கு மேலே இருந்த தழும்புக்குப் பிரஷைக் கொண்டுபோனேன். "அதைத் தொடாதே, அது என்னுடையது" என்றார். பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தைக் காட்டி, "இது போகட்டும். இது இந்த வாரத்து அழுகை. இதை ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும்?" என்று கேட்டார். தழும்பு இருக்கிறது, வீக்கம் இல்லை. அந்தப் படத்தில் எது உண்மை, எது பொய் என்று அந்த முகத்துக்குச் சொந்தக்காரரே தீர்மானித்துவிட்டார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

குழுவில் அவரும் இருக்கிறார். அத்தனை பின்னூட்டங்களையும் படித்திருக்கிறார். "இந்த வயதில் இந்த அம்மாவுக்கு இவ்வளவு மேக்கப் தேவையா" என்று எழுதியவர் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் அதையும் படித்தார். எனக்கு ஃபோன் செய்து, "என்னால் உனக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதே" என்றார். திட்டு வாங்கியவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கிறார். எழுதியவர்கள் "லைட்டிங்" பற்றி அடுத்த விவாதத்துக்குப் போய்விட்டார்கள்.

இனி ஒருவர் வருவார்: இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தானே இளம்பெண்கள் தங்கள் முகத்தையே வெறுக்கிறார்கள் என்று. அந்தக் கவலை எனக்கும் உண்டு. திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நார்வேயில் 2022 முதல் சட்டம் இருக்கிறது. மாடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றினால் சொல்ல வேண்டும் என்று பிரான்ஸில் 2017-லேயே வந்துவிட்டது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அவை பொருள் விற்கும் படங்களுக்கானவை. நான் எதையும் விற்கவில்லை. "மிகையான எடிட்டிங்" என்று படத்தின் கீழே நானே எழுதியும் இருந்தேன். அதைப் படிக்காமல் வந்து ஏமாற்று வேலை என்றால் நான் என்ன செய்ய?

"எடுக்கத் தெரியாதவர்கள்தான் எடிட்டிங்கில் ஒளிந்துகொள்வார்கள்" என்பதற்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. தவறான வெளிச்சத்தில் எடுத்த முகத்தை எந்த லேயராலும் காப்பாற்ற முடியாது. வேலை செய்தவர்களுக்கு இது தெரியும்.

பொய்யைப் பற்றி அவ்வளவு கவலை இருந்தால் ஓர் இடத்தைக் காட்டுகிறேன், அங்கே போய்ச் சண்டை போடுங்கள். கறுத்த முகத்தை வெளுப்பாக்கிப் போடும் படங்கள் இதே குழுவில் நாள்தோறும் வருகின்றன. அவற்றின் கீழே "இயற்கை அழகு" என்று எழுதுகிறீர்கள். பல ஃபோன்களின் அழகு ஃபில்டர் கேட்காமலேயே நிறத்தைக் கூட்டுகிறது. அதற்கு ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பல பத்தாண்டுகளாக கோடாக் நிறுவனம் படம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய வண்ண ஒப்பீட்டு அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்தான் இருந்தாள். ஷெர்லி அட்டை என்று பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகங்கள் சேறாக வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அட்டை ஒழிந்தும் அந்தப் பார்வை ஒழியவில்லை. நான் அக்காவின் நிறத்தை ஒரு துளிகூடக் கூட்டவில்லை. அந்தக் கருமை நீலத்தின் மேல் தெறிக்க வேண்டும் என்றுதான் பின்னணியையே மாற்றினேன். இத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

படத்தை நீக்கப் போவதில்லை. ஓவியப் பிரிவுக்கு மாற்றுவதற்கும் எனக்குச் சம்மதமில்லை. மாற்றினால் படத்தோடு நானும் குழுவிலிருந்து வெளியேறுகிறேன். எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அக்காவின் வயதைப் பற்றி எழுதியவர் மட்டும் அதே பதிவின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.