தமிழ் விளங்காத மேற்பார்வை மேற்பார்வை ஆகாது

ஒரு கற்கை நிறுவனத்தின் உளவளத்துணைப் பிரிவைப் பற்றிக் கடந்த வாரம் இங்கே எழுந்த வாக்குவாதத்தை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அங்கே களப்பயிற்சி பெற்றுவந்த ஒரு பயிலுநர், தம்மிடம் தமிழில் பேசிய ஒரு மாணவிக்கு இருந்த அபாயத்தை இனங்காணவில்லை என்பதே விடயம். நான்கு நாட்கள் நான் எதுவும் எழுதவில்லை. நிர்வாகம் வெளியிட்ட விளக்கத்தில் இருந்த ஒரு வசனம்தான் என்னை எழுத வைத்திருக்கிறது. "பயிலுநர் எல்லா வேளையிலும் தகுதிவாய்ந்த மேற்பார்வையின் கீழேயே பணியாற்றினார்; அபாயத்தை இனங்காணத் தவறியது அவரே" என்கிறது அந்த வசனம். அந்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பயிலுநரிடம் அனுப்பப்பட்ட மாணவர்கள் அனைவரும் தமிழில் பேசியவர்கள். அந்த மாணவி நலமடைந்து வீடு திரும்பிவிட்டார் என்பது பெரிய ஆறுதல். ஆனால் பயிலுநரின் களப்பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. இருவரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, பின்னூட்டங்களில் நீங்களும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். துணைநாடி, அதாவது உளவளத்துணை தேடி வருபவர், பேசும் மொழி விளங்காத ஒருவர் செய்வது மேற்பார்வை ஆகாது. அவர் எத்தனை பட்டங்கள் பெற்றவராக இருந்தாலும், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் ஆகாது.

மேற்பார்வை என்றால் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து "எல்லாம் சரியா?" என்று கேட்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தம் மாணவர்களோடு சேர்ந்து உளவளத்துணை அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவுசெய்யத் தொடங்கினார். அதற்கு முன்னர், அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பயிலுநரின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் அநேகமாக இருக்கவில்லை. பதிவைக் கேட்டபோதுதான், பயிலுநர் எந்த இடத்தில் அவசரப்பட்டார், எந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பினார், துணைநாடியின் குரல் எந்தச் சொல்லில் தாழ்ந்தது என்பதெல்லாம் ஆசிரியரின் காதுக்கு எட்டின. இன்றும் அந்த நாட்டுப் பல்கலைக்கழக உளவளத்துணை நிலையங்களில், முதற்கட்டக் களப்பயிற்சியை முடித்துவிட்டு உயர்நிலைக் களப்பயிற்சிக்கு (பிரக்டிகம்) வரும் மாணவர், துணைநாடியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு அமர்வுகளைப் பதிவுசெய்து, அந்தப் பதிவோடுதான் மேற்பார்வையாளரின் முன் உட்காருகிறார். அந்தக் கட்டத்தில் அவர் முதற்சந்திப்பு மதிப்பீடு செய்கிறார், நெருக்கடியில் வருபவரைப் பார்க்கிறார், குழு அமர்வில் மூத்தவரோடு இணைந்து அமர்கிறார். பொறுப்பு கூடக் கூடக் கேட்கும் காதும் நெருங்கி வர வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.  அங்கே முதுநிலை உளவளத்துணைப் பட்டங்களுக்குத் தரம் வகுக்கும் கேக்ரெப் அமைப்பு, களப்பயிற்சியின்போது ஒவ்வொரு வாரமும் சராசரியாக ஒரு மணித்தியாலம் தனியாகவோ இன்னொரு மாணவரோடு சேர்ந்தோ மேற்பார்வையும், அதற்கு மேலதிகமாகக் குழு மேற்பார்வையும் வேண்டும் என்கிறது.

இங்கே அந்தப் பயிலுநர் தமிழில் நடந்த அமர்வை இரவிரவாக ஆங்கிலத்தில் எழுதி, மறுநாள் அதை மேற்பார்வையாளரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். பதிவு இருந்து அதை மேற்பார்வையாளர் கேட்டாலும் அவருக்கு விளங்காது. ரோஜர்ஸுக்கு முந்திய காலத்தில்தான் நம் பிள்ளைகள் இன்னும் பயிற்றப்படுகிறார்கள், அதுவும் மொழிபெயர்ப்பு என்ற இன்னொரு திரையைப் போட்டுக்கொண்டு.

அந்தத் திரை எதையெல்லாம் மறைக்கும் என்பதைத் தமிழில் அழுதவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "எனக்கு ஒரே யோசனையாக இருக்கு" என்று எங்கள் பிள்ளை சொன்னால் அது கவலை, நித்திரை இல்லாத இரவு, ஓயாமல் சுற்றும் ஒரே நினைவு. அதை ஆங்கிலத்தில் நேரே எழுதினால், நன்றாகச் சிந்திக்கும் மாணவி என்று மேற்பார்வையாளர் பாராட்டிக் குறிப்பெழுதுவார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி" என்றால் மருத்துவரிடம் அனுப்பச் சொல்வார்கள். துன்பத்தை உடம்பின் வழியாகச் சொல்லும் எம்மவரின் பேச்சைப் பற்றிப் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். இது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நான் உயர்நிலைக் களப்பயிற்சியில் இருந்த காலத்தில், வன்னியிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்த ஒரு மாணவி நான்காவது அமர்வில் என்னிடம், "எங்கையாவது போயிட வேணும் போல கிடக்கு, அக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன், அவள் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள், நானும் அதன் பின்னாலேயே போய்விட்டேன். என் மேற்பார்வையாளர் தமிழ் தெரியாதவர், அன்பானவர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெளிநாடு போக விரும்புகிறாள், உங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் அது இயல்புதானே" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, நான் கொடுத்த வசனத்துக்கு அதுதான் பொருள். ஆனால் அந்தச் சிப்பின் சத்தம் என்னை விடவில்லை. அன்றிரவு யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு மூத்த உளவளத்துணையாளரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரோ ஊரோ சொல்லாமல் அந்த ஒரு வசனத்தை மட்டும் சொன்னேன். அவர் ஒரு கணமும் தாமதிக்காமல் கேட்டார்: "எங்க போகோணும் எண்டு கேட்டனியோ?"

நான் கேட்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு ஆறு நாட்கள் இருந்தன. மறுநாள் காலையிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவளை அழைத்து, எங்கே என்று கேட்டேன். அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை விடுதிப் பொறுப்பாளரும் நானும் அவளோடு வைத்தியசாலைக்குப் போனோம். அவள் இன்று ஆசிரியை. அந்தத் தொலைபேசி அழைப்பை நான் எடுக்காமல் விட்டிருந்தால், "அபாயத்தை இனங்காணத் தவறியவர்" என்று எழுதப்பட்டிருக்கக்கூடியவள் நான். கடந்த வாரம் அந்த வசனத்தை வாசித்தபோது என் கைகள் நடுங்கியதற்கு அதுவே காரணம்.

இனி, எனக்கு வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "தகுதி பெறாத பயிலுநர்களை மாணவர்களிடம் அனுப்புவதே பிழை" என்பீர்கள். அப்படியானால் தகுதி எங்கிருந்து வரும்? தாதியும் மருத்துவரும் ஆசிரியரும் மூத்தவரின் பக்கத்தில் நின்றுதான் தொழிலைக் கற்றார்கள், உளவளத்துணையாளரும் அப்படித்தான். "நெருக்கடி என்றால் 1926க்கு அழைக்கலாமே" என்பீர்கள். அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். ஆனால் தேசிய மனநல நிறுவனத்தின் அந்த இலக்கம் அந்தக் கணத்துக்கானது. வாரந்தோறும் அதே நாற்காலியில் அதே முகத்தின் முன் உட்கார்ந்து பேசுவதற்கு அது ஈடாகாது.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, தமிழ் மேற்பார்வையாளர் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது?" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். தமிழில் மேற்பார்வை செய்யக்கூடியவர்கள் கொழும்பில் குறைவு. ஆனால் இந்த ஊரில் ஆலையே இல்லை என்று சொல்வதை ஏற்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் போர்க்காலத்திலேயே தமிழில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தன. அங்கும் மட்டக்களப்பிலும் போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் இடையில் வேலைசெய்து பழுத்த மனிதர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களை எல்லாம் ஸூமில் நடத்திய நிறுவனத்துக்கு, வாரம் ஒரு மணித்தியாலம் மட்டக்களப்பில் இருக்கும் ஒருவரைத் திரையில் கொண்டுவர முடியாதா? தேடினார்களா என்பதே என் கேள்வி. தேடவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இத்தனை வருடங்களில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் கொழும்பில், வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன்.

"இதற்குள்ளும் இனவாதத்தைக் கொண்டுவருகிறீர்கள்" என்று எழுதியவருக்கு மட்டும் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னைக் காயப்படுத்தியது. எனக்குக் கற்பித்தவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் சிங்களவர்கள். அவர்கள் முன்னால் நான் அழுதிருக்கிறேன், அவர்கள் என்னைத் தாங்கியிருக்கிறார்கள். சிங்களம் பேசும் ஒரு மாணவனின் அமர்வை, சிங்களம் தெரியாத நான் மேற்பார்வை செய்ய வந்தால் அதையும் எதிர்த்து இதே பதிவை எழுதுவேன். 13ஆம் திருத்தத்தின் வழியே தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அது பெயர்ப்பலகைக்கு வந்தது, படிவத்துக்கும் ஓரளவுக்கு வந்தது. ஒரு பிள்ளை கதவை மூடிக்கொண்டு தன் மனத்தைத் திறக்கும் அறைக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்டால், அது எப்படி இனவாதம் ஆகும்?

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பயிலுநர்தான். தமிழ்ச் சம்மதப் படிவத்தை மொழிபெயர்த்தவர் அவர், சுவரொட்டியை எழுதியவர் அவர், நிதிப் பிரிவில் ஒரு தாய் தமிழில் பேசினால் ஓடிப்போய் விளக்கியவரும் அவர். சம்பளம் இல்லை, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குக் கொடுத்த காசும் அவருடையது. அவரிடம் ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்களை அனுப்பினார்கள் என்று நான் விசாரித்தபோது, "தமிழ் பேசுகிற எல்லோரையும்" என்று பதில் வந்தது. பயிலுநரின் அனுபவத்துக்கு ஏற்றபடி துணைநாடிகளைத் தெரிந்து கொடுப்பது மேற்பார்வையாளரின் முதற்கடமை. மொழியை மட்டும் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்து, பிசகியபோது பழியையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பலர் அந்த நிர்வாகத்தின் விளக்கத்துக்குக் கீழே "சரியான முடிவு" என்று எழுதியிருந்ததைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. அவர்களின் பிள்ளைகளும் நாளை அந்த அறைக்குத்தான் போவார்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். களப்பயிற்சியை நிறுத்திய முடிவை மீள்பரிசீலிக்கும்படியும், இரகசியம் பேணும் உடன்பாட்டை எழுத்தில் செய்துகொண்டு, தமிழில் நடக்கும் அமர்வுகளுக்கு நான் ஊதியம் இன்றி மேற்பார்வை செய்ய அனுமதிக்கும்படியும் கேட்டிருக்கிறேன். அவர்களின் மேற்பார்வையாளரும் கூட இருக்கலாம், இருந்தால் இன்னும் நல்லது. குறிப்புகள் தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. இன்றுவரை பதில் வரவில்லை. சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 11 மணிவரை என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த நேரத்தை நான் இன்னும் வேறு எவருக்கும் கொடுக்கவில்லை.