குடிக்காதவருக்கும் கணைய அழற்சி வரும்

கணையம் வீங்கிப் புண்படும் கணைய அழற்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, மதுவும் பித்தக்கல்லுமே அதற்குக் காரணம் என்று சொல்லி நின்றுவிட்டது. பரம்பரையைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும். வெள்ளவத்தையில் எங்களுடன் இருக்கும் என் தம்பி மதுவைத் தொட்டதே இல்லை. சிறுவயதிலிருந்தே இந்த நோயால் முதுகுவரை பாயும் வயிற்றுவலி. ஆனாலும் உறவினர் முதலில் கேட்பது "குடிப்பழக்கம் உண்டோ?" என்றுதான். வலியைவிட அந்தக் கேள்விதான் அவனை அதிகம் நோகடிக்கிறது.

பரம்பரைக் கணைய அழற்சிக்குக் காரணமான பி.ஆர்.எஸ்.எஸ்.1 மரபணு மாற்றம் 1996இல் கண்டறியப்பட்டது. இம்மாற்றத்தால், சிறுகுடலில் உணவைச் செரிக்க வேண்டிய ட்ரிப்சின் நொதி, கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இம்மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ட்ரிப்சினை அடக்கிவைக்கும் ஸ்பிங்க்1 மரபணுவில் வரும் மாற்றம் வேறுவகை. அதைச் சுமக்கும் பலருக்கு நோயே வருவதில்லை.

பிள்ளைக்கு இப்படி வலி திரும்பத் திரும்ப வந்தால், குடும்பத்தில் யாருக்காவது கணைய நோயோ இளவயது நீரிழிவோ இருந்ததா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். செரிமானத்துக்கு உதவும் நொதிக் குளிசை தந்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். புகைத்தலும் கணையத்தைக் கெடுக்கும். அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.