கண்ணகி நகரில் சாயங்காலம் நாலு மணி

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வென்று வந்தார். அதற்குப் பிறகு "அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும், என்ன வாங்கித் தரலாம்?" என்று நல்ல மனசோடு கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. பெரும்பாலும் முதலில் வாயில் வருவது பள்ளிப் பை, நோட்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, நோட்டு, பாடப் புத்தகம், சீருடை, செருப்பு எல்லாம் பெரும்பாலும் அரசே தருகிறது. நீங்கள் தருவது இரண்டாவது பை.

அங்கே பற்றாக்குறை ஆளுக்குத்தான். சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை, வாரத்தில் ஆறு நாள், மூன்று வருஷம் அதே இடத்தில் ஒரு சாயங்கால சென்டரில் இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற, சம்பளம் வாங்குகிற ஆள்.

ஏன் நாலு மணி? இந்தக் குடியிருப்பின் பிறப்பிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 2000-லிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவில் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அன்றைய குடிசை மாற்று வாரியம் துரைப்பாக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், பக்கத்திலேயே எழில் நகர். வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது, வீடு மட்டும் இங்கே வந்தது. மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற அம்மா விடியற்காலையில் பஸ் ஏறினால் திரும்ப ராத்திரி ஏழு ஆகும். பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவர்களுக்கு ஷிப்ட் முடிகிற நேரமே அதுதான். பள்ளி விடுவது நாலு மணி சுமாருக்கு. வீடு என்பது ஒரே அறை. அங்கே தம்பி தங்கச்சி, டிவி, அடுப்பு எல்லாம் இருக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கு போட எங்கே உட்காரும்? வெளியே போகும். வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பகுதியின் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும்.

இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வாரிய ஒதுக்கீட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து டியூஷன் சென்டர் நடத்தாதீர்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட ஒதுக்கீடுதாரருக்கு உரிமை இல்லை. ஆய்வு வந்தால் உங்களுக்கு ஒரு சென்டர் போகும், அவருக்கு வீடே போகும். வாரியத்தின் சமுதாயக் கூடத்துக்கோ, பள்ளி முடிந்த பிறகு மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைக்கோ எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தலைமை ஆசிரியரின் வாய்மொழிச் சம்மதம் மட்டும் போதாது. அவர் மாறுதலாகிப் போன மறுநாளே கதவு பூட்டிக்கொள்ளும். கடிதத்தில் நாலு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த அறை, எந்த நேரம், மின்கட்டணம் யார் கட்டுவது, சாவி யாரிடம். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். சாவி ஒரே ஆளிடம் இருந்து அவர் லீவு போட்டால், பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். இரண்டு முறை அப்படித் திரும்பிய பிள்ளை மூன்றாம் முறை வருவதில்லை. இரண்டு சாவி வையுங்கள், ஒன்று அதே பிளாக்கில் இருக்கிற ஒரு அக்காவிடம் இருக்கட்டும். கழிப்பறைச் சாவியும் அதே வளையத்தில் கோத்திருக்க வேண்டும். கழிப்பறை பூட்டியிருந்தால் முதலில் நின்றுபோவது வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள்.

அடுத்து ஆட்கள். 60 பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேண்டும், அதற்குக் குறைந்தால் மேய்க்கத்தான் முடியும், சொல்லித்தர முடியாது. மூவரில் இரண்டு பேராவது அங்கேயே வளர்ந்து கல்லூரி முடித்தவர்களாக இருக்கட்டும். ஆளுக்கு மாதம் 15,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 5,40,000 ரூபாய். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய்க்குச் சுண்டலோ வாழைப்பழமோ தந்தால், மாதம் 24 நாள் கணக்கில் 17,280. பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குப் பின்னம் ஏறாது, இதில் கை வைக்காதீர்கள். கல்லூரித் தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் நவம்பரிலும் ஏப்ரலிலும் அவர்களுக்கே செமஸ்டர் வரும், சரியாக இங்கே பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படுகிற நேரத்தில் சென்டர் காலியாகும். 15,000 தர யோசிக்கிற அமைப்பிடமிருந்து, சொல்லித்தர வந்த அந்தப் பகுதிப் பையன் உணவு டெலிவரிக்குப் போய்விடுவான். அவன் போவதில் தப்பே இல்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான், காரணம் பாதி காகிதம். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. கல்வியாண்டின் நடுவில் ஒரு குடும்பத்தை நகரத்திலிருந்து இங்கே மாற்றும்போது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் டி.சி. பழைய பள்ளியில் இருக்கும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் எண்ணும் பழைய பள்ளியின் கணக்கிலேயே நிற்கும் அல்லது எந்தப் பள்ளியிலும் சேராமல் பொதுத் தொகுப்பில் கிடக்கும். புதிய பள்ளி "எமிஸ்ல வரலையே" என்று சொல்லி அனுப்பும். டி.சி. வாங்க அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போனால் பையன் மீன் மார்க்கெட்டிலோ சென்ட்ரிங் வேலையிலோ ஒட்டிக்கொள்வான். கையில் காசு பார்த்த பிறகு அவனை வகுப்பில் உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும்.

சென்டரின் முதல் மாத வேலை பாடம் நடத்துவது அல்ல. பிளாக் பிளாக்காக ஏறி இறங்கி 13-லிருந்து 18 வயதுக்குள் பள்ளிக்குப் போகாதவர்களின் பட்டியல் எடுங்கள். பெயர், கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, எமிஸ் எண், டி.சி. எங்கே, நின்ற மாதம். நின்ற மாதத்தைக் கட்டாயம் கேளுங்கள். நின்று ஒரு மாதமே ஆன பிள்ளையை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு வருஷம் ஆனவனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் இரண்டுமே கெடும். பட்டியலோடு ஒரு ஆள் பெற்றோரின் கையெழுத்துடன் பழைய பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கி, எமிஸில் விடுவிக்கச் செய்து, புதிய பள்ளியில் சேர்க்கும் வரை கூடவே நிற்க வேண்டும். இந்த அலைச்சலுக்கு எந்த நன்கொடையாளரும் புகைப்படம் எடுப்பதில்லை. என் கணக்கில் ஆயிரம் பையை விட இது பெரியது.

சான்றிதழ்களும் அப்படியே. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். பழைய முகவரியிலேயே ரேஷன் அட்டை வைத்திருக்கிற குடும்பத்துக்கு சோழிங்கநல்லூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் சிக்கும். அதனால் முதலில் ரேஷன் அட்டை, பிறகு வருமானம், சாதி, கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இந்த வரிசை மாறினால் ஒவ்வொன்றும் திரும்பி வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. இது தெரியாமலே கிண்டி ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்காமல் விடுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பெரிய போட்டிகள் மேட் (விரிப்பு) மேல் நடக்கின்றன, மண்ணில் மட்டுமே ஆடிய பிள்ளைக்கு மேட் மேல் கால் வேறு மாதிரி பிடிக்கும், திரும்பும்போது முட்டி போகும். களத்துக்கு மட்டும் 96 சதுர மீட்டர் மேட், சுற்றிலும் விழுவதற்கு இடம் விட்டால் இன்னும் கூடும். மேட் வாங்கித் தருகிறவர்கள் அதை மழையில் எங்கே வைப்பது என்று கேட்பதில்லை. பூட்டுகிற அறை இல்லாவிட்டால் ஒரு பருவமழையில் ஊறிப் பிய்ந்துவிடும். மேட் வாங்குவதற்கு முன்னால் விளக்கு, அதற்கு முன்னால் உடை மாற்ற ஒரு அறை, எல்லாவற்றுக்கும் முன்னால் பயிற்சியாளருக்குச் சம்பளம், இதுதான் வரிசை.

பணம் எங்கே என்றால், பக்கத்திலேயே, ஓ.எம்.ஆர். கம்பெனிகளில். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி தகுதியுள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். செலவிடாத தொகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் ஜனவரிக்கு மேல் அவசரமாகப் பணம் வரும், மார்ச் 31-க்குள் முடி என்பார்கள். அந்த அவசரத்தில் வாங்க முடிவது பொருள் மட்டும்தான், அதுவும் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதுகிற நேரத்தில். ஆனால் அதே விதிகள் தொடர் திட்டம் என்று ஆரம்பித்த வருஷத்தைத் தவிர்த்து மூன்று வருஷம் வரை நடத்த இடம் தருகின்றன. திட்டத்தை நேரடியாக நடத்துகிறவர்களின் சம்பளம் 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்புக்குள் வராது, அது திட்டச் செலவு. "சம்பளத்துக்குத் தர முடியாது" என்று சொல்கிற அதிகாரியிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இந்தப் பணத்தை வாங்க மத்திய அரசிடம் செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர்.-1 பதிவு இல்லாத சின்ன இளைஞர் மன்றம் நேரடியாக வாங்க முடியாது, பதிவுள்ள ஒரு அமைப்போடு சேர்ந்துதான் வாங்க வேண்டும். அப்போது ஆள் தேர்வும் மாதக் கணக்கும் மன்றத்தின் கையில் இருக்கும்படி ஒப்பந்தம் எழுதுங்கள்.

கண்ணகி நகரின் சுவரோவியங்கள் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருவோவிய அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2020-இல் வரைந்தவை. எனக்கு அவை பிடிக்கும். முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிற நகரத்தில், படம் எடுக்க ஆட்கள் தேடி வருகிற தெரு என்பது அங்கே வளர்கிற பிள்ளைக்குச் சாதாரண விஷயம் இல்லை. வண்ணம் அடித்த அதே பிளாக்கில் படிக்க ஒரு அறையும் திறந்திருந்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வருகிற வாரத்தில் வாருங்கள். தவறியவர்கள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் கிடைக்கும். ஒரு லேப்டாப், நெட், கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம், வீடு தேடிப் போகிற இரண்டு பேர். ஒரு பாடத்தில் 35 எடுக்க முடியாமல் நிற்கிற பையனுக்கு அந்த வாரம் போனால் அந்த வருஷமே போச்சு.