ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஜவ்வு வளருமா?

“ஆபரேஷன் வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடும்.” இந்த விளம்பரம் தினமும் கண்ணில் படுகிறது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். முழங்கால் வலியோடு பெரியவர்கள் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. அவர்களுடைய பயத்தையும் சேமிப்பையும் குறிவைக்கும் பேச்சு இது. எனக்கு இதில் கடும் கோபம் இருக்கிறது.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. நாம் ஜவ்வு என்று சொல்லும் மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அது தானாக ஆறுவது அரிது. கெட்டுப்போன குருத்தெலும்பு ஆறாது என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதிவிட்டார். நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு செல்களை ஆய்வகத்தில் பெருக்கி முழங்காலில் வைத்த சுவீடன் மருத்துவர்கள், 23 பேரின் முடிவுகளை வெளியிட்டது 1994-ல்தான். தென்கொரியா 2012-ல் அனுமதித்த கார்டிஸ்டெம் என்ற மருந்து, தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்லில் செய்தது. அதையும் சும்மா ஊசியாகக் குத்துவதில்லை. மூட்டைத் திறந்து, பழுதான இடத்தைச் சுத்தம் செய்து, எலும்பில் சிறு துளைகள் போட்டு உள்ளே நிரப்புகிறார்கள். அதுவும் ஆபரேஷன்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளையாட்டில் அடிபட்ட இளைஞருக்கு ஜவ்வில் ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கும், சுற்றிலும் நல்ல ஜவ்வு இருக்கும். சுவீடன் சிகிச்சை அந்த மாதிரிக் குழிக்காக வந்தது. எழுபது வயதுக்காரருக்கு மூட்டு முழுக்கவே தேய்ந்திருக்கும், காலும் வளைந்திருக்கும். அவருக்கு முதல் கதையைச் சொல்லி ஊசியை விற்பது அநியாயம்.

பெரியம்மாவை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். சிகிச்சைக்கு முன், பின் என்று வேறொருவரின் இரண்டு எக்ஸ்ரேக்களைக் காட்டினார்கள். முதல் படத்தில் எலும்போடு எலும்பு ஒட்டியிருந்தது, இரண்டாவதில் நல்ல இடைவெளி. பெரியம்மா முகம் மலர்ந்து, “போட்டுக்கலாமாடா?” என்றார். முதல் படத்தின் ஓரத்தில் ‘ஸ்டாண்டிங்’ என்று இருந்தது, இரண்டாவதில் அது இல்லை. நின்றபடி எடுத்தால் உடல் பாரத்தில் இடைவெளி குறுகும், படுத்து எடுத்தால் அதே மூட்டு அகலமாகத் தெரியும். இரண்டாவது எப்படி எடுத்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை, பேக்கேஜ் விலை வந்தது. அது அவருடைய பல மாத பென்ஷன்.

2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வை இவர்கள் யாரும் சொல்வதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ள 475 பேர். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகை செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. எம்ஆர்ஐ-யிலும் ஜவ்வு வளர்ந்ததாகத் தெரியவில்லை.

சரி, இந்தியாவில் அனுமதி பெற்றது எதுவும் இல்லையா? இருக்கிறது. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஊசிக்கு 2022-ல் முழங்கால் தேய்மானத்துக்காக அனுமதி கிடைத்தது. 146 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள். ஒரு வருடத்தில் வலி குறைந்தது, ஜவ்வு மேலும் கெடாமல் இருந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. ஆனால் ஜவ்வின் அளவு கூடவில்லை. அதுவும் நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்களிடம். நேர்மையான முடிவு, மதிக்கிறேன். அதையே காட்டி, தெருமுனைக் கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அன்றைக்கே மூட்டில் ஏற்றுவதை நியாயப்படுத்த முடியாது.

பெரியம்மா இப்போது பிசியோதெரபி போகிறார், தொடைத் தசைக்கான பயிற்சியை வீட்டிலும் செய்கிறார். வலி முழுசாகப் போகவில்லை. முற்றினால் மூட்டு மாற்று ஆபரேஷன் இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இந்த ஊசியைச் சொன்னால், அது அனுமதி பெற்ற மருந்தா, ஆய்வா என்று கேளுங்கள். மருந்து என்றால் பெட்டியையும் பெயரையும் பாருங்கள். ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் தேடிப் பாருங்கள், ஆய்வுக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அட்வான்ஸ் கட்டாமல் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.