பாட்டுக் கேட்க வந்தவனைக் கேட்க விடுங்கள்

க்ரீட் என்கிற அமெரிக்க ராக் பேண்டைக் கிண்டல் செய்வதற்கென்றே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே பேண்டின் கச்சேரிக்கு வருகிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் இப்போது பெருகிவிட்டது. பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு அவர்களால் ஒரு பாட்டுகூட முழுசாகக் காதில் விழுவதில்லை. இதை வெளியே சொன்னால், "க்ரீட்தானே, அதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், க்ரீட்தான். ஆமாம், இவ்வளவு கோபம்தான். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பேண்டை மனதாரக் கேட்டுவருகிற ஒருவன், அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறுகிறார்கள் என்று தெரிந்து ஆசை ஆசையாகப் போய் நின்றால், பக்கத்தில் நிற்கிறவன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை இரண்டு பக்கமும் விரித்து, முகத்தைக் கோணி, பாடகரைப் போல நடித்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறான். கோபம் வராமல் வேறு என்ன வரும்?

நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு திறந்தவெளி ஆம்பிதியேட்டர். மேடைக்கு முன்னால் கூரை போட்ட நாற்காலிகள், அதற்குப் பின்னால் சரிவாக ஏறிப்போகிற புல்வெளி. எனக்குக் கிடைத்தது கூரை முடிகிற இடத்தில். முதல் ஆல்பத்தின் பாட்டு ஒன்று ஆரம்பிக்கிறது. விளக்குகளெல்லாம் அணைந்து, ஒரே ஒரு வெளிச்சத்தில் கிட்டாரிஸ்ட் மார்க் ட்ரெமான்டி நிற்கிறார். மெதுவாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிற மாதிரி மீட்டுகிறார். அவர் வாசிப்பின் அழகே அங்கேதான் இருக்கிறது. கம்பிகளின் சுருதியை வழக்கத்திலிருந்து மாற்றி இறக்கி வைத்துக்கொள்வார்; அடிக்கம்பி கீழே ஒரே சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டேயிருக்க, மேல் கம்பிகளில் விரல்கள் நடக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சுருதி என்பதால்தான் அடிக்கடி கிட்டாரை மாற்றுகிறார். டிரம்ஸ் உள்ளே வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த அரை நிமிடத்துக்காகவே நான் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதை நேரில் கேட்கத்தான் வந்தேன்.

என் காதில் விழுந்தது என்ன தெரியுமா? ஃபேன்டஸி ஃபுட்பாலில், அதாவது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடுகிற விளையாட்டில், இந்த வருடம் யாரை முதலில் எடுப்பது என்கிற விவாதம். எனக்குப் பின்னால் நான்கு பேர், கையில் பீர், உரத்த குரலில். ஸ்பீக்கரை மீறிப் பேச வேண்டும் என்பதால் கத்திப் பேச்சு வேறு. திரும்பிப் பார்த்தேன். மறுபடி திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன் என்று மரியாதையாகவே கேட்டேன். அவர்களில் ஒருவன் என் தோளைத் தட்டி, "ரிலாக்ஸ், இது வெறும் க்ரீட்தானே" என்றான். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். டிசம்பர் சீசனில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த உடனே கேண்டீனுக்கு எழுந்து போகிற ஆட்கள் இவர்களுக்கு எவ்வளவோ மேல். அவர்களாவது வெளியே போய்ப் பேசுகிறார்கள்.

வெறும் க்ரீட்! சரி, அந்த வெறும் க்ரீட் யார் என்று பார்ப்போம். 1994-ல் நிர்வாணா பேண்டின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். சியாட்டில் பக்கம் கிளம்பிய க்ரஞ்ச் என்கிற கரடுமுரடான ராக் இசை அலை அதற்குப் பிறகு மெல்ல ஓய்ந்தது. அந்தக் கனத்த கிட்டாரையும் அடித்தொண்டைக் குரலையும் எடுத்துக்கொண்டு, வானொலிக்கு ஏற்ற மெட்டுகளோடு வந்த அடுத்த வரிசையைத்தான் போஸ்ட்-க்ரஞ்ச் என்கிறார்கள். புஷ், கலெக்டிவ் சோல், கேண்டில்பாக்ஸ், அப்புறம் க்ரீட், நிக்கல்பேக். க்ரீட் கிளம்பியது ஃப்ளோரிடாவின் டாலஹாசியில். முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,000 டாலர்தான். 1997-ல் வந்த அந்த ஆல்பத்திலிருந்து 4 பாடல்கள் ராக் வானொலிகளில் பெரிய வெற்றி பெற்றன. 1999-ல் வந்த இரண்டாவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 2001-ல் சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருது, அப்பாவாகப் போகிறோம் என்று தெரிந்த ஓர் இளைஞன் அந்தப் பரவசத்தில் எழுதிய பாட்டுக்கு. அதே வருடக் கடைசியில் வந்த மூன்றாவது ஆல்பம் 8 வாரம் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்ட் 200-இன் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

விமர்சகர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. க்ரீட்டின் பாடகர் ஸ்காட் ஸ்டாப், பேர்ல் ஜாம் என்கிற க்ரஞ்ச் பேண்டின் பாடகர் எடி வெடரின் குரலைக் காப்பியடிக்கிறார் என்றார்கள். பாட்டில் மதப்பிரசங்கம் என்றார்கள். இசையைப் பற்றிச் சொன்னால் சரி, சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன். சில வரிகள் எனக்கே கொஞ்சம் மிகையாகத்தான் படும். 2002 டிசம்பரில் சிகாகோ பக்கத்தில் நடந்த ஒரு கச்சேரி படுமோசம் என்று சில ரசிகர்கள் அடுத்த வருடம் நீதிமன்றத்துக்கே போனார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அந்த ரசிகர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் பாட்டுக் கேட்கப் போய், கேட்க முடியாமல் திரும்பியவர்கள். 2004-ல் பேண்ட் கலைந்தது. ஸ்டாப்பைத் தவிர மற்றவர்கள் பாடகர் மைல்ஸ் கென்னடியைச் சேர்த்துக்கொண்டு ஆல்டர் பிரிட்ஜ் என்கிற பேண்டைத் தொடங்கினார்கள். 2009-ல் க்ரீட் மறுபடி சேர்ந்தது, 2012-க்குப் பிறகு மறுபடி ஆளுக்கொரு பக்கம். 2014-ல், கையில் காசில்லை, விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று ஸ்டாப்பே ஒரு வீடியோ போட்டார். அன்றைக்கும் இணையம் சிரித்தது. போதைப் பழக்கமும் பைபோலார் என்கிற மனநலப் பிரச்சினையும் தன்னை எந்த நிலைக்குக் கொண்டுபோயின என்று அடுத்த வருடம் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

அந்த மனிதர் அதிலிருந்து எழுந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால் நின்று பாடுகிறார். நன்றாகவே பாடுகிறார். அவர் கையை விரித்தபோது என்னைச் சுற்றி நின்ற ஒரு பத்துப் பேர் உடனே கையை விரித்துக் காட்டிக் கெக்கலித்தார்கள். எனக்கு அடிவயிறு எரிந்தது. ஒருவர் தன் தொழிலை உயிரைக் கொடுத்துச் செய்துகொண்டிருக்கும்போது எதிரில் நின்று பழிப்புக் காட்டுவதற்கு எதற்கு இவ்வளவு செலவு செய்து வரவேண்டும்? இதில் என்ன சந்தோஷம்?

க்ரீட்டை இணையத்தில் கேலிப்பொருளாக்கிய இந்த மீம் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2001 நவம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணியின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை ஆட்ட இடைவேளையில் க்ரீட் பாடினார்கள். துணியைப் பிடித்துத் தொங்கியபடி அந்தரத்தில் சுழல்கிற கலைஞர்கள், நடனக்காரர்கள் என்று எல்லாம் பெரிய அளவில். நாடே துக்கத்தில் இருந்தபோது அடக்கி வாசிக்காமல் செய்த நிகழ்ச்சி அது. அந்த வீடியோவைத்தான் இருபது வருடம் கழித்து எடுத்துவைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் 2023-ல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் வீரர்கள் க்ரீட் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள், அவர்களுடைய மைதானமே சேர்ந்து பாடியது, அந்த வருடம் அந்த அணி முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் என்கிற பேஸ்பால் சாம்பியன் பட்டத்தை ஜெயித்தது. அவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. விளையாட்டாகத் தொடங்கியிருந்தாலும் கடைசியில் தொண்டை கிழியப் பாடினார்கள். 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டத்தின்போது வந்த விளம்பரம் ஒன்றில் க்ரீட் தலைகாட்டினார்கள், ஜூலையில் டூர் கிளம்பிவிட்டது.

மீம் இல்லாவிட்டால் இந்த டூரே வந்திருக்காது, அதனால் நீ அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். இந்த வாதத்தைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பேண்ட் காணாமல் போயிருந்த வருடங்களில் அந்த ஆல்பங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்? சென்னையில் கல்லூரி விடுதி அறையில் ஒரே கேசட்டை நான்கைந்து பேர் மாற்றி மாற்றித் தேய்த்திருக்கிறோம். பக்கத்து அறைக்காரன் மெட்டாலிகா மட்டும்தான் இசை என்பான், அவனோடு சண்டை போட்டிருக்கிறோம். டாலஹாசியிலும் டெட்ராய்ட்டிலும் எங்களைப் போலவே எத்தனையோ பேர் கேலியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கேட்டிருப்பார்கள். அன்றைக்கு எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா நின்றிருந்தார், அறுபது வயதுக்குக் குறையாது, அதிகம் ஒலிக்காத பாட்டுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஒருவன் ஃபிளாஷ் விளக்கைப் போட்டுக்கொண்டு செல்போனை நீட்டினான். அவர் கண்ணைக் கூசிக்கொண்டு நகர்ந்து நின்றார். அவன் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

செல்போனைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பிரபலமான பாட்டு தொடங்கியதுதான் தாமதம், முன்னால் இருக்கிற மேடை மறைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான சின்னத் திரைகள், ஒவ்வொன்றிலும் குட்டியாக ஒரு ஸ்டாப். என் உயரத்துக்கு மேடையை நான் பார்த்ததே அந்தத் திரைகளின் இடுக்கில்தான். எடுத்த வீடியோவை யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்களா? பேஸ் சத்தம் மொத்தமும் இரைச்சலாகப் பதிவாகியிருக்கும், எடுத்தவன் கத்தினது மட்டும் தெளிவாகக் கேட்கும். இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டூல் என்கிற ராக் பேண்ட் பல வருடமாகச் செய்கிறது: கச்சேரி முழுக்கப் போனை எடுக்கக் கூடாது, எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், கடைசிப் பாட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ராக் பாடகர் ஜாக் வைட் 2018 டூரில் எல்லாருடைய போனையும் யோண்டர் என்கிற பையில் போட்டுப் பூட்டச் சொன்னார். பை நம் கையிலேயே இருக்கும், வெளியே வந்துதான் திறக்க முடியும். ரசிகர்கள் யாரும் செத்துப்போய்விடவில்லை.

காசு விஷயம் வேறு இருக்கிறது. டிக்கெட் விலை ஒன்று, அதன் மேல் சேவைக் கட்டணம், வண்டி நிறுத்தத் தனி. பேர்ல் ஜாம் 1994-லேயே டிக்கெட் விற்பனை ஏகபோகத்தைப் பற்றி அமெரிக்க நீதித் துறையிடம் புகார் கொடுத்தார்கள், இரண்டு பேர் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியும் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதே நீதித் துறை அதே பிரச்சினைக்காக வழக்குப் போட 2024 ஆனது. மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்கிற விதி 2025 மே மாதம்தான் வந்தது. இவ்வளவு வயிற்றெரிச்சலோடு வாங்குகிற டிக்கெட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது பாட்டு. அதில் பாதியை ஃபுட்பால் விவாதத்துக்கு நான் ஏன் தாரைவார்க்க வேண்டும்?

இதில் பெரிய கொடுமை, அந்த நான்கு பேரும் கடைசிவரைகூட இருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த பாட்டு வந்தது, பாடாமல் ஊளையிட்டார்கள், வீடியோ எடுத்தார்கள், பார்க்கிங்கில் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பலாம் என்று என் காலை மிதித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் போன பிறகுதான் டிரம்ஸில் ஸ்காட் ஃபிலிப்ஸ் என்ன செய்கிறார் என்பதே எனக்குக் காதில் விழுந்தது. கச்சேரி முடிகிற நேரத்தில்!

க்ரீட் நிர்வாகம் அடுத்த டூரில் டூல் பேண்டைப் போலக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் போனை அனுமதிக்கட்டும். பாட்டு ஓடும்போது கத்திப் பேசுகிறவர்களை, பக்கத்தில் இருப்பவர் புகார் சொன்னால் காவலாளி வந்து புல்வெளிக்குப் பின்னால் அனுப்பட்டும். மீம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த 2001 வீடியோ இலவசமாகவே கிடக்கிறது, நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். அந்த டிக்கெட்டை முன்வரிசையில் நின்ற அந்த அம்மாவைப் போல யாராவது வாங்கிக்கொள்வார்கள்.