கல்லறைத் தோட்டத்தில் கச்சேரி

(நியூயார்க், புரூக்ளினில் ஒரு வீடு. மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமனாரும், அந்த வீட்டு மாப்பிள்ளையும்.)

மாமா: சனிக்கிழமை கச்சேரி என்றீர்களே மாப்பிள்ளை, எந்த சபா?

மாப்பிள்ளை: சபா இல்லை மாமா. கிரீன்-வுட் கல்லறைத் தோட்டம்.

மாமா: அடடா, யார் தவறிவிட்டார்கள்?

மாப்பிள்ளை: ஐந்து லட்சம் பேருக்கு மேல். பதறாதீர்கள், 1838-இலிருந்து கணக்கு. 478 ஏக்கர், குளமும் குன்றுமாக இருக்கும். சென்ட்ரல் பார்க் வருவதற்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் குதிரை வண்டியில் காற்று வாங்கப் போன இடமே அதுதான்.

மாமா: போகட்டும். மேடை எங்கே?

மாப்பிள்ளை: 1850-களில் குன்றைக் குடைந்து கட்டிய நிலவறையில். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் முப்பது அறைகள்.

மாமா: அறைகளில்?

மாப்பிள்ளை: (தணிந்த குரலில்) அவர்கள்தான்.

மாமா: ஆக, செத்தவர்களுக்குத் தனி அறை. காசு கொடுத்தவனுக்கு நடைவழியில் நாற்காலி!

மாப்பிள்ளை: 2018-இல் தொடங்கிய தொடர் மாமா. கச்சேரிக்கு முன்னால் வெளியே அந்தி வெயிலில் விஸ்கிகூட உண்டு.

மாமா: வித்வான் சுருதி சேர்ப்பார், தெரியும். கேட்கிறவனுக்குமா? வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை: இசையமைப்பாளர், பியானோ கலைஞர் லியோனார்டு பெர்ன்ஸ்டைன் அங்கேதான் இருக்கிறார். பியானோ செய்த ஸ்டைன்வே குடும்பத்துக்குக் கல் மண்டபமே இருக்கிறது.

மாமா: வாத்தியம் செய்தவரும் அங்கே, வாசித்தவரும் அங்கே. கேட்க மட்டும் நாமா?

மாப்பிள்ளை: வாசல் கோபுரத்தில் பச்சைக் கிளிகள் கூடு கட்டியிருக்கின்றன. தென் அமெரிக்கக் கிளிகள்.

மாமா: கோபுரம், கிளி, இருட்டுக்குள் சங்கீதம். கோயில் என்றே சொல்லியிருக்கலாமே! சரி, நடுவில் எழுந்து போக வழி உண்டா?

மாப்பிள்ளை: குறுகலான இடம். எழுந்தால் வரிசையே எழ வேண்டும்.

மாமா: கொடுத்துவைத்த வித்வான்கள்! நம் ஊரில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி அரங்கம் கான்டீனில் நிற்கும்.

மாப்பிள்ளை: நீங்களும் போவீர்கள் என்று அத்தை சொல்வார்களே.

மாமா: போண்டா தீர்ந்துவிடுமே, அதனால். அங்கே அந்தக் கவலை இல்லை. டிக்கெட் எடுத்துவிடுங்கள். அத்தை கேட்டால் கிளி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.