ரூட் பாஸ்வேர்ட் தராத லினக்ஸ் வகுப்பு

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிர்வாகம் படிக்க மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பிள்ளைகள் விடிய எழும்பி பஸ் ஏறித் திருகோணமலைக்கு வருகிறார்கள். செயன்முறை வகுப்பு என்று நம்பித்தான் பதிந்தோம். ஆனால் ஆய்வுகூடக் கணினிகளில் எங்களுக்கு சூடோ அனுமதி, அதாவது ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரத்தோடு கட்டளை இடும் அனுமதி, கிடையாது. கேட்டால், "பழுதாக்கிப் போடுவீங்கள் தம்பி" என்கிறார்கள்.

பழுதாக்கித் திருத்தப் பழகத்தானே வந்தோம்? எந்த வட்டை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிழைத்தாலே கணினி வழமைபோல எழும்பாமல் அவசர நிலையில் போய் நின்றுவிடக்கூடும். அங்கிருந்து அதை மீட்டெடுப்பதுதான் இந்த வேலை. அதை புரொஜெக்டரில் பார்த்து, கொப்பியில் எழுதி, எப்படிக் கைக்குக் கொண்டுவருவது? பின்னணியில் ஓடும் ஒரு சேவையை நிறுத்த முடியாது, புதுப் பயனரைச் சேர்க்க முடியாது. கோப்புகளைப் பட்டியலிட, அடைவு மாற, கோப்பைப் படிக்க எல்எஸ், சிடி, கேட் கட்டளைகள் மட்டும்தான். சரி, அதற்கு வகுப்பு எதற்கு?

இத்தனைக்கும் பெரிய செலவு ஒன்றுமில்லை. கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், டெபியன் என்ற லினக்ஸ் வகையும் இலவசம். டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவினால் 1 ஜிபி ராமிலேயே ஓடும். முதலிலேயே அதன் நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்தால், மாணவர் உள்ளே எதை அழித்தாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். அங்கே கிடைக்கும் ரூட் அதிகாரம் அந்த மெய்நிகர் கணினிக்கு மட்டும்தான். ஆய்வுகூடக் கணினிக்கு இல்லை.

அப்புறம் நேர்முகத் தேர்வில், சேவை எழும்பாவிட்டால் எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் என்று எல்லோரும் சொல்வோம். அதில் கடைசியாக எந்தப் பிழையைப் பார்த்துத் திருத்தினீர்கள் என்றால்?

அடுத்த தவணைக்காவது ஆளுக்கொரு மெய்நிகர் கணினியும் அதன் ரூட் பாஸ்வேர்டும் தாருங்கள்.